8.5 விழுக்காடு என்றார்கள், ஏறத்தாழ 17 விழுக்காடு கட்டுகிறேன்: கார் கடன் வாங்கவிருப்போர் கவனத்திற்கு

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் முதன்முறையாகக் கார் வாங்கத் திட்டமிட்டிருப்பவர்கள், விற்பனையகத்தின் கடன் மேசையில் கையெழுத்திடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2025 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, புதுச்சேரியில் உள்ள ஒரு விற்பனையகத்தில் கார் வாங்கினேன். காரில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. நான் ஏமாந்தது கடனில். விற்பனையகத்தின் பெயரையும் நிதி நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. என் புகார் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பது ஒரு காரணம். இதே முறையில் கடன் கொடுப்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. அம்மாவை மாதம் இருமுறை கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விடியற்காலையில் பேருந்தில் அவரால் நிற்க முடிவதில்லை. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்த பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுத்தோம்.

எந்த நிறுவனத்தின் காரை நம்பலாம் என்று தேடுவதற்கு நான்கு மாதங்கள் செலவிட்டேன். விளம்பரங்களை விட்டுவிட்டு, ஜிப்மர் வாசலில் காத்திருக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் விசாரித்தேன். ஒரு வண்டியை இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர்கள் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மாருதி டிசையரையும், டொயோட்டாவின் எட்டியோஸ், இன்னோவா வண்டிகளையும் சொன்னார்கள். எட்டியோஸ் உற்பத்தி 2020-லேயே நின்றுவிட்டபோதும் அதை விற்க மனமில்லை என்று ஒருவர் சொன்னது என் நினைவில் நிற்கிறது. என்ஜின் கெட்டுப்போகாது என்பதை மட்டுமே அவர்கள் நம்பகம் என்று சொல்லவில்லை. உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்கிறதா, பழுது பார்க்கும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அந்த நிறுவனம் பத்து ஆண்டுகள் கழித்தும் இந்த நாட்டில் இருக்குமா என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். செவர்லே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017 இறுதியில் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்தக் கார்களைத் தரக்குறைவானவை என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் வாங்கியவர்களுக்கு உதிரிபாகக் கவலையும் மறுவிற்பனைக் கவலையும் வந்து சேர்ந்தன. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அரசுத் திட்டமான பாரத் என்கேப் கொடுக்கும் நட்சத்திரங்கள் மோதலில் உயிர் காக்கும் திறனைக் குறிப்பவை என்பதையும், வண்டி அடிக்கடி பழுதாகுமா என்பதை அவை சொல்வதில்லை என்பதையும் அப்போதுதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். மாருதியின் பலேனோவும் டொயோட்டாவின் கிளான்சாவும் அடிப்படையில் ஒரே கார் என்பதால், அத்தகைய இரட்டை வண்டிகளில் உத்தரவாதக் காலம், விலை, பழுது பார்க்கும் நிலையத்தின் தொலைவு ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

இவ்வளவு விசாரித்த நான், கடனை ஒரே மாலையில் முடித்தேன்.

கடலூரில் எங்கள் சம்பளக் கணக்கு உள்ள பொதுத்துறை வங்கியில் 9.25 விழுக்காடு என்று சொல்லியிருந்தார்கள். ஆவணங்களைச் சரிபார்க்கப் பத்து நாட்கள் ஆகும் என்றும் சொன்னார்கள். விற்பனையகத்தின் கடன் மேசையில், வங்கி அல்லாத நிதி நிறுவனம் ஒன்றின் சார்பில் அமர்ந்திருந்த இளைஞர், "சார், பேங்க்ல ஒன்பதே கால், எங்ககிட்ட எட்டரைதான். பொங்கலுக்கு வண்டி வீட்டு வாசல்ல நிக்கும்" என்றார். அவர்களிடமே கடன் வாங்கினால் காரின் விலையில் 25,000 ரூபாய் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார். என் மனைவி மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர். "தம்பி, அசலும் வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். "மாசம் 14,250 தான்க்கா, பெட்ரோல் செலவு மாதிரிதான்" என்பது பதிலாக வந்தது. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதை நான் அந்த இடத்திலேயே கவனித்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன எட்டரை விழுக்காடு ஃபிளாட் வட்டி. அதாவது 6,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8.5 விழுக்காடு என்று ஐந்து ஆண்டுகளுக்கும் முழு அசலின் மீதே வட்டி போட்டு, வந்த 2,55,000 ரூபாயை அசலுடன் கூட்டி, 60-ஆல் வகுத்திருக்கிறார்கள். நான் மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் வட்டிக் கணக்கில் அசல் குறைவதே இல்லை. வங்கி சொன்ன 9.25 என்பதோ அசல் குறையக் குறைய மீதியுள்ள தொகைக்கு மட்டும் கணக்கிடப்படுவது. அந்த முறையில் அதே 6,00,000 ரூபாய்க்கு மாதத் தவணை 12,528 ரூபாய்தான் வந்திருக்கும். வித்தியாசம் மாதம் 1,722 ரூபாய். 60 மாதங்களில் 1,03,320 ரூபாய். நான் பெற்ற தள்ளுபடி 25,000. எட்டரை ஃபிளாட் வட்டியை வங்கி முறைக்கு மாற்றினால் 14.9 விழுக்காடு ஆகிறது.

அதோடு முடியவில்லை. வண்டி எடுக்கப் போன நாளில், விற்பனையகத்துக்கு 5,75,500 ரூபாய்தான் வந்திருக்கிறது, மீதி 24,500 ரூபாயை நான் கட்ட வேண்டும் என்றார்கள். பரிசீலனைக் கட்டணம் 6,000 ரூபாயும், நான் கேட்காத ஒரு கடன் பாதுகாப்புக் காப்பீட்டுக்கு 18,500 ரூபாயும் கடனிலிருந்தே பிடிக்கப்பட்டிருந்தன. மாலை போட்டு நிறுத்திய வண்டிக்கு முன்னால், அம்மாவும் பிள்ளைகளும் நிற்கையில், வாதாட முடியாமல் பணத்தைக் கட்டினேன். ஆக, 5,75,500 ரூபாயைப் பெற்றுக்கொண்டு 60 மாதங்களுக்கு 14,250 கட்டுகிறேன். அதன் உண்மையான ஆண்டு வட்டி 16.8 விழுக்காடு.

இவற்றையெல்லாம் அப்போது நான் அறியவில்லை. ஓராண்டு கழித்து, சீட்டுப் பணம் ஒரு லட்சம் கைக்கு வந்தபோது, கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம் என்று கணக்கு விவரம் கேட்டேன். 12 தவணைகளில் 1,71,000 ரூபாய் கட்டியிருந்தேன். அசலில் குறைந்தது 87,300 ரூபாய் மட்டும். அதைப் பார்த்த மனைவிதான், "எங்க குழுவுல அசல் குறைஞ்சா வட்டியும் குறையுங்க, இதுல ஏன் குறையல?" என்று கேட்டு, இரவு முழுதும் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தெடுத்தார்.

பகுதித் தொகையை ஏற்க அவர்களின் ஒப்பந்தத்தில் இடமில்லை. முழுதாக முடிக்க வேண்டுமானால் மீதி அசலான 5,12,700 ரூபாயுடன் 5 விழுக்காடு கட்டணமும், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து, கூடுதலாக 30,200 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வேறு வங்கிக்குக் கடனை மாற்றவும் முயன்றேன். ஓடிய வண்டி என்பதால் பழைய வாகனக் கடனுக்கான 12 விழுக்காடு வட்டிதான் என்றார்கள். இந்தக் கட்டணத்தையும் சேர்த்து 48 மாதங்களுக்குக் கணக்கிட்டால் தவணை 14,298 ரூபாய் வருகிறது, இப்போது கட்டுவதைவிட அதிகம். ஆகவே அப்படியே கட்டி வருகிறேன்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, என்னைக் காக்க வேண்டிய தாள் என் கையிலேயே இருந்தது என்பதுதான். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்கள் அனைத்திற்கும் முக்கிய விவர அறிக்கை (ஆங்கிலத்தில் Key Facts Statement) ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பரிசீலனைக் கட்டணம், கடன் கொடுப்பவர் வழியாக வசூலிக்கப்படும் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும். அதைப் பெற்ற பிறகு யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் தர வேண்டும். எனக்கு அது ஆங்கிலத்தில், இருபதுக்கும் மேற்பட்ட தாள்களுக்கு நடுவில், கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சில் குறியிட்டு நீட்டப்பட்டது. 16.8 என்ற எண் அதில் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த ஒரு தாளைத் தனியாகக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று, அந்த விகிதத்தை வங்கி தரும் அதே விகிதத்தோடு ஒப்பிடுங்கள். "இன்னிக்கே போட்டாதான் இந்த ரேட்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் என்னை எச்சரிக்கையானவன் என்று நம்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால், ஒரு வாடகை முகவரியைக் காட்டி பிஒய் 01 எண்ணில் பதிவு செய்து தருவதாக அங்கே ஒரு தரகர் சொன்னார். பொய் முகவரி வேண்டாம் என்று மறுத்து, கடலூரிலேயே டிஎன் 31 எண்ணில் பதிவு செய்தேன். ஒரு பொறியைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்ததைப் பார்க்காமல் போனேன்.

வாகனக் காப்பீட்டையும் விற்பனையகத்திலேயே எடுக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அதே வண்டி மதிப்புக்கு வெளியில் எனக்கு 9,000 ரூபாய் குறைவாகக் கிடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்தது. ஆனால் என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சத்தை மட்டும் செலவைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் புகுந்ததை நாம் கண்டோம். தண்ணீரில் நின்ற வண்டியை முடுக்கி என்ஜின் கெட்டால் சாதாரண காப்பீடு பெரும்பாலும் ஈடு தராது.

கேட்காமல் சேர்த்த கடன் பாதுகாப்புக் காப்பீட்டை, பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற உரிமை உண்டு. பத்திரம் மின்னஞ்சலில் வந்ததை நான் திறந்து பார்க்காததால் அந்தக் காலம் கடந்துவிட்டது. விளக்கம் தராமல் அதைச் சேர்த்தது பற்றியும், அறிக்கையைத் தமிழில் தராதது பற்றியும் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். 30 நாட்களில் முறையான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழிமுறை கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இன்று 19 நாட்கள் ஆகின்றன.

கடனை அடைத்து முடித்தவர்கள், நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஆர்சியில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கு இன்னும் 48 தவணைகள் உள்ளன.