குதிரைக்குப் புல்வலை வாங்கும் முன் இதை வாசியுங்கள்

நுவரெலியாவிலோ சுற்றுவட்டாரத்திலோ மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பேஸ்புக்கில் ‘இம்போர்டட் ஸ்லோ ஃபீட் ஹே நெட்’ என்று, குதிரைக்குப் புல் திணித்து வைக்கிற பச்சை வலைப்பைகளின் படத்தைப் போட்டு ஒருவர் விற்கிறார். நான்கு வலைக்கு 18,800 ரூபாவை முன்கூட்டியே வங்கியில் போட்டேன். வந்தது பழைய மீன்வலையை வெட்டித் தைத்த பை. அதில் மாட்டி என் பெட்டைக்குதிரை ராணிக்கு முன்னங்குளம்பு பிய்ந்து, சுற்றுலாக்காரர்கள் வருகிற ஏப்ரல் சீசன் முழுக்கச் சவாரி வேலைக்குப் போகாமல் நின்றாள். காசு போனது போகட்டும். அந்த ஆள் சொன்ன பொய்கள் குதிரையைச் சாகடிக்கக்கூடிய பொய்கள். அதனால்தான் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

அப்பா இருபது வருஷத்துக்கு மேல் ரேஸ்கோர்ஸ் பக்கமும் கிரகரி வாவிப் பக்கமும் குதிரைச் சவாரி விட்டவர். அவர் போன பிறகு எங்களிடம் மிஞ்சியது ராணியும் மணியும்தான். லாயம் கட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவில் வேலி போட்டு, ஒரு மூலையில் நாலு கால் நட்டுத் தகரம் போட்டிருக்கிறோம். மழையோ பனியோ இரண்டும் அங்கேதான். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவோம். டவுனில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவிழ்த்துவிட்ட குதிரை எங்கே போகும் என்று. ரோட்டோரக் குப்பையில் பொலித்தீன் பையோடு சாப்பாட்டை இழுக்கும், இருட்டில் வாகனத்துக்குக் குறுக்கே நிற்கும். மணி ஒரு தடவை லொறியில் அடிபடாமல் தப்பியது கடவுள் புண்ணியம். அன்றோடு இரவில் வெளியே விடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

வீட்டில் வைத்தால் இரவு முழுக்கத் தீனி வேண்டும். மாடு மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. இரைப்பை உடம்புக்குச் சிறியது, அதில் அமிலம் இரவு பகல் ஊறிக்கொண்டே இருக்கும். மெல்லும்போது சுரக்கிற எச்சில்தான் அந்த அமிலத்தை அடக்குவது. ஐந்தாறு மணித்தியாலம் வெறும் வயிற்றோடு நின்றால் புண் வரப் பார்க்கும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. எது உள்ளே போனாலும் பின்வழியாகத்தான் வர வேண்டும், அதனால்தான் குதிரைக்கு வயிற்றுவலி என்றால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. நாங்கள் மாலை ஆறு மணிக்குப் புல் போட்டால் ஒன்பது மணிக்குள் காலி. பாதியைத் தின்னும், பாதியைச் சேற்றில் மிதிக்கும். அதன்பிறகு விடியும்வரை, மாசி மாதக் குளிரில், வெறும் வயிறு. புல் பெருங்குடலில் புளிக்கும்போது வருகிற சூடுதான் வெளியில் நிற்கிற குதிரைக்குக் கம்பளி மாதிரி. அதுவும் இல்லாமல் நின்றன.

இதற்குத்தான் சின்னக் கண்ணி, அதாவது சின்ன ஓட்டை, வைத்த புல்வலை. காய்ந்த புல்லை அதில் திணித்துக் கட்டினால் ஒரே வாயில் அள்ள முடியாது. நாலு தாளாக உதட்டால் உருவி உருவித் தின்ன வேண்டும். அதே அளவு புல் பல மணித்தியாலத்துக்கு வரும், மிதிபடாது. நல்ல சாமான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். நான் ஏமாந்தது அந்தப் பெயரைச் சொல்லி விற்ற ஆளிடம்.

பணம் போடும் முன் போனில் கேட்டேன். “தம்பி, எங்க குதிரைக்கு முன்காலுக்கு லாடம் அடிச்சிருக்கு. தரையில வச்சா மாட்டாதா?”

“பயப்படவே வேணாம் அக்கா. வெளிநாட்டுல எல்லாரும் தரையிலதான் வைக்கிறாங்க. கண்ணி ஒன்றரை அங்குலம்தான், குளம்பு எப்படி உள்ள போகும்?”

“பச்சைப் புல்லும் போடலாமா?”

“எது வேணும்னாலும் போடுங்க அக்கா. முடிச்சே இல்லாத வலை, வாய் கிழியாது.”

இந்தப் பதில்களை நம்பியிருக்கவே கூடாது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

பதினொரு நாள் கழித்து கூரியர் வந்தது. பையைப் பிரித்ததும் அம்மா அடுப்படியிலிருந்து, “என்னடி, கருவாட்டு வாடை அடிக்குது?” என்றாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கண்ணிக்குக் கண்ணி முடிச்சு. ஒரு முடிச்சின் இடுக்கில் விரல் நகம் அளவுக்கு, காய்ந்து பளபளவென்று ஒரு மீன் செதிள். கடலிலிருந்து ஆறாயிரம் அடி மேலே இருக்கிற ஊரில், குதிரைக்கென்று வாங்கிய புதுவலையில் மீன் செதிள். கிழிந்த இடங்களை வேறு நிற நைலோனால் பொத்தியிருந்தார்கள். சில கண்ணியில் என் ஒரு விரல் நுழையவில்லை, சிலவற்றில் கைமுட்டி போனது.

அந்த ஆள் சொன்ன ஒன்றரை அங்குலக் கணக்கிலும் ஒரு குழப்பம். மீன்வலையில் கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுக்கு இடைப்பட்ட நீளத்தைத்தான் அளவாகச் சொல்வார்கள். புல்வலையில் பெரும்பாலும் சதுரத்தின் ஒரு பக்கத்தைச் சொல்வார்கள். மீன்வலைக்காரர் சொல்கிற ஒன்றரை அங்குலம் புல்வலைக் கணக்கில் முக்கால் அங்குலம். அதில் குதிரை புல்லை உருவுவது கஷ்டம்.

அன்றைக்கே வலையைக் கட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. 18,800 ரூபா போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலில், எப்படியாவது பாவித்துவிடலாம் என்று சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் மூன்று தரம் கழுவிக் காயப்போட்டேன்.

முதல் இரண்டு நாள் பகலில் மட்டும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் புல்லை விட்டுவிட்டு வலையை நக்கின. எவ்வளவு கழுவியும் கயிற்றின் புரிக்குள் உப்பு இருந்திருக்கிறது. உப்பென்றால் குதிரை விடாது. நக்கி, பிறகு மெல்லத் தொடங்கின. மூன்றாம் நாள் காலையில் சாணம் அள்ளும்போது ஓர் உருண்டையில் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கையால் உடைத்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் நார், நாலைந்து இழை முறுக்கி. வெளியே வந்ததால் சரி. குடலுக்குள் சுருண்டு அடைத்திருந்தால்? அன்று முழுக்க ஒவ்வோர் உருண்டையாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியின் ஈறும் சிவந்து கிடந்தது.

மெல்லப்பட்ட வலையைத் தனியாக எடுத்து வைத்தேன். மற்றதில் இரண்டை நல்லது என்று நினைத்து, அந்த ஆள் சொன்னபடி தரையில் வைத்தேன். அது மார்ச் மாதக் கடைசி. விடியக்காலை மூன்று மணி இருக்கும், தகரத்தில் ஏதோ மோதுகிற சத்தம். டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ராணி மூன்று காலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். குளிரிலும் உடம்பெல்லாம் வேர்வை, ஆவி பறக்கிறது. முன் வலக்காலில் வலை. குளம்பு கண்ணிக்குள் போகவில்லைதான். ஆனால் லாடத்தின் பின்முனைக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு இருக்கிறதே, அதற்குள் கயிறு புகுந்து இறுகியிருந்தது. இழுக்க இழுக்க இறுகும். அம்மா கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து தந்தாள். தோட்டத்தில் வேலை செய்த காலத்துக் கத்தி, இன்னும் கூர் போகவில்லை. நான் வெட்டுவதற்குள் ராணி ஒரு தரம் பின்னால் உதறினாள். லாடம் ஆணியோடு கழன்று வந்தது, குளம்பின் ஓரத்தில் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு. மேலே கணுக்காலில் கயிறு உரசித் தோல் கழன்றிருந்தது.

மிருக வைத்தியர் வந்ததும் முதலில் கேட்டது, “ஏற்பூசி போட்டிருக்கா?” என்றுதான். குதிரைக்கு ஏற்பு நோய் (டெட்டனஸ்) மிக எளிதில் பிடிக்கும், சின்னக் காயம் போதும். ஊசி, மருந்து, கட்டு என்று ஒரு செலவு. சீசனில் சவாரி போகாத நாட்களின் நட்டம் அதைவிடப் பெரிது. வருஷத்துக்கு எங்களுக்குக் கையில் காசு பார்க்கிற மாதமே ஏப்ரல்தான்.

விற்றவருக்குக் காயத்தின் படமும் செதிளின் படமும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “அக்கா நீங்க சரியா வைக்கல” என்று பதில். நீங்கள்தானே தரையில் வைக்கச் சொன்னீர்கள் என்றேன். “பாவிச்ச சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்.” அடுத்த நாள் என் நம்பரை புளொக் செய்துவிட்டார். அதே படத்தை வேறொரு பக்கத்தில் இப்போதும் போட்டு விற்கிறார். அந்தப் படத்தில் இருப்பது உண்மையான, முடிச்சில்லாத வலை. கைக்கு வருவது அதுவல்ல.

இப்படி வாங்கப் போகிறவர்கள் படத்தை நம்ப வேண்டாம். ஒரு கண்ணியில் அளவுகோலை வைத்து, வலையை மேசையில் விரித்து, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அத்தோடு விடுங்கள். சாமான் கைக்கு வந்து, பிரித்துப் பார்த்துக் காசு கொடுக்கிற முறைக்குச் சம்மதிக்காதவருக்கு முன்பணம் போடாதீர்கள். வலை வந்ததும் முகர்ந்து பாருங்கள், முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். நார் நாராக உதிர்ந்தால் அது குதிரையின் குடலுக்குள் போகப் போகிற நார். கண்ணி பக்கத்துக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம்வரை இருந்தால் நம் மட்டக்குதிரைகளுக்குப் போதும். பழகாத குதிரைக்கு முதல் சில நாள் பாதிப் புல்லை வெளியே உதறிப் போட்டு, மீதியை வலையில் கொடுங்கள். இல்லாவிட்டால் எரிச்சலில் காலால் அடிக்கத் தொடங்கும்.

லாடம் அடித்த குதிரைக்குத் தரையில் வலை வேண்டவே வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். தொங்கவிடுவதென்றால் புல் நிறைந்திருக்கும்போது உயரம் பார்க்காதீர்கள், காலியானதும் வலை இறங்கும். காலியாகத் தொங்கும்போதும் அதன் அடி குதிரையின் நெஞ்சுக்குக் கீழே வரக்கூடாது. வலையைத் தொங்கவிடுகிற வளையத்துக்கும் வலைக்கும் நடுவில் மெல்லிய சணல் கயிறு கட்டினால், இழுபட்டால் சணல் அறும், கால் தப்பும். தலையில் மாட்டும் வாரை இரவில் கழற்றிவிடுங்கள், அதன் கொக்கியும் கண்ணியில் மாட்டும். லாடம் அடிக்கிற பெரியவர் எங்களுக்குச் சொன்ன வழிதான் இப்போது செய்திருக்கிறோம்: பலகையால் ராணியின் நெஞ்சளவுக்கு ஒரு பெட்டி, அதற்குள் வேறொரு நல்ல வலையில் புல், வலை பெட்டிக்குள்ளேயே. கால் வைக்க வழியில்லை, தூசும் கண்ணில் விழாது.

பச்சைப் புல் விஷயத்தையும் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் எல்லோரும் வெட்டிப் போடுவது பச்சைப் புல்தானே. நேப்பியர் தீவனப்புல் மாதிரித் தடித்த தண்டு கண்ணியில் சிக்கிக்கொண்டு வராது. வெட்டிய ஈரப் புல்லை இறுக்கித் திணித்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும். அதைத் தின்றால் வயிற்றுவலி. வலைக்குள் போடுவது நன்றாகக் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். நம் மூடுபனியில் காய்ந்த புல்லும் ஓர் இரவில் நனைந்துவிடும், நனைந்தது அப்படியே கிடந்தால் பூஞ்சணம், பூஞ்சணம் என்றால் இருமல். அதனால் தகரத்துக்குக் கீழேதான் பெட்டி, ஓர் இரவுக்கு மட்டும்தான் புல். காலையில் மிஞ்சியதை உதறி வெளியே எடுத்துவிடுகிறேன்.

அளவுக்கு வீட்டில் கிடந்த பழைய கொழுந்துத் தராசில் தொங்கவிட்டு நிறுக்கிறேன். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த தீனி ஒரு நாளைக்கு வேண்டும். ராணி சுமார் 200 கிலோ, ஆகவே 3 முதல் 4 கிலோ. பகலில் சரிவில் மேய்வதைக் கழித்து, இரவுக்கு இரண்டு கிலோ. வலையில் வைக்கத் தொடங்கிய பிறகு விடியக்காலை நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தாலும் மென்றுகொண்டு நிற்கிறாள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், கூரியர் பையில் ஒட்டியிருந்த தாள், எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தது உதவியது. உங்களிலும் யாராவது அதே ஆளிடம் ஏமாந்திருந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், நீங்களும் எழுதிக் கொடுங்கள்.

ராணி இப்போது நொண்டாமல் நடக்கிறாள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட வளர்வதில்லை, பிய்ந்த இடம் முழுதாக இறங்கி மறைய இன்னும் பல மாதம் செல்லும் என்கிறார் வைத்தியர். அதுவரை அந்தக் காலுக்கு லாடம் இல்லை, தார் ரோட்டில் வேலையும் இல்லை. வெட்டிய துண்டும் சேர்த்து அந்த ஆளிடம் வாங்கிய நான்கு வலையும் உர மூட்டையில் கட்டி, குதிரைகளுக்கு எட்டாமல் அடுப்படிப் பரணில் கிடக்கின்றன. அந்தச் செதிளைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் அதையும் கொண்டுபோவேன்.