58 மரங்களுக்குப் பத்தாண்டுத் திட்டம்: 11,600 ரூபாய் தகுமா?

மன்னார்குடியில் எங்கள் தெருவில் 45 வீடு. வீட்டுக்கு 300 ரூபாய் வசூல் செய்து, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மரப் பராமரிப்புக் குழுவிடம் தெரு மரங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி, அடுத்த பத்து வருடத்துக்கு எதை எப்போது செய்வது என்று எழுதி வாங்கினோம். மரத்துக்கு 200 ரூபாய். 58 மரத்துக்கு 11,600. மிச்சம் மரக்கன்றுகளுக்குப் போனது. “மரத்தை எண்ணுறதுக்கா காசு?” என்று கேட்காத வீடு இல்லை. பொருளாளர் நான் என்பதால் பதிலையும் நானே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் 31 வருடம் லைன்மேன். கம்பியைத் தொடுகிற மரத்தை மொட்டையடிப்பது எனக்குக் கை வந்த வேலை. தொரட்டியும் அரிவாளும் எடுத்தால் அரை நாளில் ஒரு தெருவை முடித்துவிடுவேன். அதனால் மரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்போடுதான் அவர்கள் பின்னால் சுற்றினேன்.

வந்தது இரண்டு பேர். ஒரு பெண், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்தவர். கூட மரம் ஏறுகிற ஒரு தம்பி. முதல் நாள் முழுக்க டேப்பும் நோட்டும்தான். தரையிலிருந்து நெஞ்சுயரத்தில் சுற்றளவு, சாய்வு, பொந்து, மேலே கம்பி எத்தனை அடி, அடியில் சிமெண்ட் எவ்வளவு நெருக்கம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள்.

பிள்ளையார் கோயிலை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்துக்கு மட்டும் ஒரு காலை நேரம் போனது. அந்தப் பெண் மரச் சுத்தியலால் தூரைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். டீக்கடைப் பக்கம் வந்ததும் சத்தம் மாறிப் பொத்தென்று கேட்டது. பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான். அந்த இடத்தில் மெலிசான ஊசி ஒன்றை மோட்டாரால் உள்ளே செலுத்தினார்கள். ஊசிக்கு மரம் கொடுக்கும் எதிர்ப்பைக் கருவி கோடாக வரைந்து தருகிறது. நல்ல மரம் இருக்கிற வரை கோடு மேலே ஏறி நிற்கிறது, உளுத்த இடத்தில் படுத்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும்தான் சொத்தை. “வெட்ட வேண்டாம் சார், ரோட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு கிளையோட பாரத்தைக் குறைச்சா போதும்” என்றார். நானாக இருந்தால் அடியோடு எடுத்திருப்பேன். டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிய வெந்நீரை இத்தனை வருடம் எங்கே ஊற்றினார் என்பதும் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது நாள் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் வாக்குவாதம். உச்சியை வெட்டினால் மரம் குட்டையாகி, காற்றுக்குத் தாங்கும் என்பது என் கட்சி. அவர் ஒரு பெருங்கொன்றையைக் காட்டினார். எப்போதோ நான் வெட்டிய இடத்தில் விளக்குமாறு மாதிரி பத்துப் பன்னிரண்டு கிளை கிளம்பியிருந்தது. அவை உள்மரத்திலிருந்து வளர்ந்தவை இல்லை, மேல்பட்டையோரம் ஒட்டிக்கொண்டு நிற்பவை, வெட்டுவாயும் உள்ளே உளுத்துக்கொண்டே போகும் என்றார். எனக்குக் கஜா புயல் நினைவுக்கு வந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலை. எங்கள் தெருவில் அதுவரை 77 மரம் இருந்தது, 19 விழுந்தது. அதற்கப்புறம் கம்பியில் தொங்கியதைப் பொறுக்கியவர்களில் நானும் ஒருவன். அதில் பாதி இந்த விளக்குமாற்றுக் கிளைகள். “ஏம்மா, இதை முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்து சொல்லக்கூடாதா?” என்றேன். “அப்ப நான் பொறக்கலை சார்” என்றார்.

கிளை கழிக்கும் விதத்தையும் அந்தத் தம்பி செய்தே காட்டினார். முதலில் அடியில் ஒரு அரைவெட்டு, பட்டை உரிந்து தொங்காமல் இருக்க. அதற்கு வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்குவது. கடைசியாக மிச்சக் கட்டையை, கிளை தாய்மரத்தோடு சேரும் வீங்கிய வளையத்தைத் தொடாமல் எடுப்பது. அந்த வளையம் இருந்தால்தான் புண் மூடும். தாரும் சிமெண்ட்டும் பூசவே கூடாதாம். பொந்து கண்ட இடத்தில் எல்லாம் சிமெண்ட் அடைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்.

மூன்று வாரம் கழித்து வந்த திட்டத்தில் எனக்குப் பிடித்தது நடுப்பக்கம். 58 மரத்தில் 24 பெருங்கொன்றை, அதாவது நாற்பது சதவீதத்துக்கு மேல். எல்லாம் 1991 வாக்கில் ஒரே சமயம் நட்டவை. ஒன்றாக நட்டது ஒன்றாகவே மூப்படையும், ஒரு புயலிலோ ஒரு பூச்சியிலோ தெருவே வெறிச்சோடிப் போகும். ஒரே இனம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் சாண்டமோர் என்பவர் 1990-இல் ஒரு கணக்குச் சொன்னாராம். நாம் அதைத் தாண்டி நான்கு மடங்கில் இருக்கிறோம். அதற்காக இன்றே வெட்டச் சொல்லவில்லை. பலவீனமானதிலிருந்து வருடத்துக்கு இரண்டு, அதுவும் பக்கத்தில் புதுக் கன்று பிடித்து இரண்டு வருடம் ஆன பிறகு. புங்கை, பூவரசு, நீர்மருது, மகிழம் என்று இடத்துக்கு இடம் பிரித்திருக்கிறார்கள். கம்பிக்குக் கீழே உயரமாகும் மரம் கிடையாது. இதை மட்டும் 1991-இல் செய்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். செண்பகாரண்யம் என்று பெயர் வாங்கிய ஊர், தெருவில் ஒரு செண்பகம் இல்லையே என்று கேட்டு ஒன்றைச் சேர்க்க வைத்தேன். தெரு மரத்தில் நாமாகக் கை வைக்க முடியாது என்பதால், அனுமதி கேட்டு அரசின் மாவட்டப் பசுமைக் குழுவுக்கான மனுவையும் எழுதியே தந்தார்கள்.

பேவர் பிளாக்கைத் தூரிலிருந்து ஒரு மீட்டர் விட்டு எடுக்கச் சொன்னதற்கு முணுமுணுப்பு அதிகம். டெல்லி மரங்கள் வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே இதைத்தான் சொன்னது. என் வீட்டு வாசல் வேம்பில் முதலில் எடுத்தேன். அடியில் மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு மழை பெய்த பிறகு விரலால் கிளறினால் வெள்ளை வெள்ளையாய்ச் சல்லி வேர்.

குறைகளும் உண்டு. அட்டவணையில் கன்று நடவு மே மாதம் என்று போட்டிருந்தார்கள். மேட்டூர் அணை திறப்பே வழக்கமாக ஜூன் 12, அப்புறம் தண்ணீர் கடைமடைக்கு வர வேண்டாமா? ஆவணிக்கு மாற்ற வைத்தேன். களிமண்ணில் குழியில் தண்ணீர் நின்று வேர் அழுகும், மேடு கட்டித்தான் நட வேண்டும் என்பதையும் நான்தான் சொன்னேன். வந்த 14 கன்றில் ஐந்துக்குப் பாக்கெட்டுக்குள் வேர் சுருண்டு கிடந்தது. பையைக் கிழித்துக் காட்டித் திருப்பி அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள், ஆனால் ஒரு மாதம் இழுத்தார்கள். தண்ணீர் ஊற்றுவது யார் என்ற பத்தியில் ‘குடியிருப்போர்’ என்று ஒரே வார்த்தை. 45 வீட்டில் யார் அந்தக் குடியிருப்போர்? இப்போதைக்கு நானும் எதிர்வீட்டு அக்காவும்.

ஒவ்வொரு மரத்திலும் நம்பர் தகட்டைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மரம் பருத்தால் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும் என்பது மர வேலை செய்பவர்களுக்கா தெரியாது?

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கொடுத்த காசு வீணில்லை. அடுத்த ஆடியில் மறுபார்வைக்கு வருகிறார்கள். அதற்குள் 58 தகட்டையும் பழைய சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். 31 முடிந்திருக்கிறது. டியூப்தான் பற்றவில்லை.