இறைச்சி டப்பாவும் கீரை டப்பாவும்: இரண்டு உணவுச் சேவைகளில் ஆறாறு வாரம்

சென்ற ஆண்டு செய்துகொண்ட முழு உடற்பரிசோதனையில் இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 212, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 128, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்தபோது, மருத்துவர் அறிக்கையை மடித்துக் கையில் கொடுத்து, “இன்னும் உள்ளே போகவில்லை, வாசலில் நிற்கிறீர்கள், சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள்” என்றார். எதற்கு மாற்றுவது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டு கட்சிகள் ஏற்கெனவே இருந்தன. ஒரு கட்சியினர், ஆதிமனிதனின் உணவு என்று சொல்லி மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோக்காரர்கள். காலையில் வெண்ணெய்த் தேநீர் குடித்து, நண்பகலில் கோழியும் பாதாமும் உண்பவர்கள். மற்றவர்கள் பால், தயிர் உள்பட விலங்குவழி வந்த எதையும் தொடாத வீகன்கள். இரு தரப்புக்கும் சென்னையில் வீட்டு வாசலுக்கே டப்பா கொண்டுவந்து தரும் சமையற்கூடங்கள் இருக்கின்றன என்பதால், வாதம் செய்வதை விட்டுவிட்டு இரண்டிலும் ஆறு வாரத்துக்குப் பணம் கட்டினேன். இரண்டின் மீதும் எனக்குக் குறைகள் உண்டு. அவை ஒரே ஒரு வாடிக்கையாளரின் குறைகள் என்பதால் நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லவில்லை.

எனக்கு வயது 47. தொடங்கும்போது எடை 82 கிலோ. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை.

முதலில் இறைச்சி டப்பா. ஞாயிறு நீங்கலாக நாளொன்றுக்கு 420 ரூபாய் வீதம் 36 நாட்களுக்கு 15,120 ரூபாய் ஆயிற்று. காலையில் மூன்று முட்டை ஆம்லெட்டும் ஒரு குவளை வெண்ணெய்த் தேநீரும், நண்பகலில் நெய்யில் வறுத்த கோழியும், மாலையில் நெய்யில் புரட்டிய 50 பாதாமும், இரவில் ஆட்டிறைச்சிச் சுக்காவும் அதனுடன் துருவிய காலிஃபிளவரைச் சோறு போலச் செய்ததும் வரும். சுவையைப் பொறுத்தவரை குறை சொல்ல நா எழாது. சுக்காவில் மிளகும் சோம்பும் சரியான அளவில் இருந்தன. கோழி ஒரு நாளும் வறண்டு போகவில்லை. எல்லாவற்றையும் விட, மாலை நான்கு மணிக்குக் கால்கள் தாமாகவே பஜ்ஜிக் கடையை நோக்கி நடக்கும் பழக்கம் இரண்டாம் வாரத்தில் நின்றுவிட்டது. பசி அடங்குகிறது என்று இச்சேவையினர் விளம்பரம் செய்வது என் அளவில் உண்மை.

வீட்டிலுள்ள சமையலறைத் தராசில் நான்கு நாட்கள் டப்பாவை நிறுத்துப் பார்த்தேன். எலும்பு நீக்கிய கோழி சுமார் 180 கிராம், ஆட்டிறைச்சி சுமார் 120 கிராம். முட்டையையும் பாதாமையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் புரதம் கிடைத்திருக்கும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும். என் எடைக்கு அது 68 கிராம்தான். மிகுதியாக வந்த புரதம் நலமான சிறுநீரகம் உள்ளவருக்குப் பெரிய தொல்லை தராமல் போகலாம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அப்படியன்று. ஆனால் பதிவுப் படிவத்தில் என்னிடம் கேட்கப்பட்டவை முகவரி, ஒவ்வாமை, காரம் வேண்டுமா என்ற மூன்று மட்டுமே. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்றோ, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறீர்களா என்றோ யாரும் கேட்கவில்லை. மருந்தின் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக் கூடும் என்பது இத்தகைய சேவையை நடத்துபவர்கள் முதல் பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது. தொலைபேசியில் பேசிய ஆலோசகர், “கொழுப்பு கரையுது சார்” என்று மகிழ்ந்தார். கரைந்ததில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்திலிருந்து உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் அது செலவாகி, நீரும் வெளியேறுகிறது. ஆறு வார முடிவில் எடை 77.6 கிலோவாக இருந்தது. அதில் உண்மையான கொழுப்பும் கணிசமாகக் குறைந்திருக்கும் என்றே நம்புகிறேன், ஏனெனில் இடைவாரில் ஓர் ஓட்டை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

இரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு 212இலிருந்து 118ஆக வீழ்ந்திருந்தது; வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. இவை இரண்டுக்காக அந்தச் சமையற்கூடத்துக்கு நன்றி சொல்லலாம். ஆனால் எல்டிஎல் 128இலிருந்து 169ஆக ஏறியிருந்தது. இதைச் சொன்னபோது அதே ஆலோசகர், எல்டிஎல் என்பது மருந்துக் கம்பெனிகள் கிளப்பிய பயம் என்றும், டிரைகிளிசரைடு குறைந்தாலே போதும் என்றும் விளக்கினார். இரத்தத்தில் எல்டிஎல் உயர்ந்து நீண்ட காலம் நீடித்தால் இதயத் தமனிகளில் படிவு சேருகிறது என்பது பல்லாண்டுகளாக, மருந்தாய்வுகளிலும் மரபணு ஆய்வுகளிலும் ஒருசேர உறுதிப்பட்ட ஒன்று. தம் உணவால் ஏறிய ஒரு எண்ணைத் தாமே செல்லாது என்று அறிவிக்கும் உரிமை எந்தச் சமையற்காரருக்கும் இல்லை.

இதில் இறைச்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமாகாது. எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2,000 கலோரி உண்பவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதில் 7 கிராம் தீர்ந்துவிடுகிறது. நெய்யில் இன்னும் சற்று அதிகம். தேநீரில் ஒரு கரண்டி, கோழியில் ஒன்று, பாதாமில் ஒன்று என்று கணக்கிட்டால், சுக்காவைத் தொடுவதற்கு முன்பே அன்றைய வரம்பு முடிந்துவிடுகிறது. அதே கோழியைச் சிறிது கடலை எண்ணெயில் சமைத்துத் தரும்படி இரண்டு முறை கேட்டேன். செக்கெண்ணெய் கூட எங்கள் அடுக்களைக்குள் வராது என்று பெருமையோடு மறுத்துவிட்டார்கள்.

நார்ச்சத்தைப் பற்றி ஒரு வரி போதும்: நாளொன்றுக்கு 30 கிராம் வேண்டிய இடத்தில் பாதாமும் காலிஃபிளவரும் சேர்ந்து 12 கிராம்கூடத் தரவில்லை, அதன் விளைவை மூன்றாம் வாரத்தில் கழிவறையில் அனுபவித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் வந்த சாசேஜும் சலாமியும் எனக்கு ஒப்பவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோயின் அபாயத்தைச் சுமார் 18 விழுக்காடு கூட்டுகிறது என்றும் சொன்னது. ஆதிமனிதனின் உணவு என்று டப்பாவின் மேல் அச்சடித்துவிட்டு உள்ளே சலாமியை வைப்பவர்களை என்னவென்பது? காலிஃபிளவரும் ஆதிமனிதன் கண்டதில்லை, அது வேறு கதை.

இடையில் எட்டு வாரம் வீட்டுச் சாப்பாடு. எடை 79.5க்கும் எல்டிஎல் 141க்கும் வந்து நின்றன. ஆகவே இரண்டாவது சேவை தொடங்கிய இடமும் முதலாவது தொடங்கிய இடமும் ஒன்றல்ல. எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கீரை டப்பா நாளொன்றுக்கு 290 ரூபாய். காலையில் கேழ்வரகுத் தோசையோ பயறு அடையோ, நண்பகலில் வரகரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு கூட்டு, மாலையில் சுண்டல், இரவில் காய்கறிக் குழம்பும் சோயாவும். மொத்தத்தில் இது நம் பாட்டிமார் அமாவாசையன்று சமைத்த சாப்பாடுதான். தயிரும் நெய்யும் மட்டும் இல்லை. முதல் பத்து நாட்கள் வயிறு பொருமிக்கொண்டே இருந்தது. இறைச்சி டப்பாவில் மறைந்திருந்த மாலைப் பசியும் திரும்பி வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் இருபது பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புக் குறைந்த தாவர உணவை உண்டபோது குறைக்கும்படி யாரும் சொல்லாமலேயே அவர்கள், மாவுச்சத்து மிகக் குறைந்த விலங்குவழிக் கீட்டோ உணவின்போது உண்டதைவிட நாளொன்றுக்கு 550 முதல் 700 கலோரி வரை குறைவாக உண்டார்கள். என் வயிறு அந்த ஆய்வைப் படிக்கவில்லை போலும்.

ஆனாலும் ஆறு வார முடிவில் எல்டிஎல் 112ஆக இறங்கியிருந்தது, எடை 77.9. டிரைகிளிசரைடு 164, சர்க்கரை 104. இவ்விரண்டிலும் இறைச்சி டப்பாதான் முன்னே நிற்கிறது. அதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. வரகோ சாமையோ, குவித்து வைத்தால் அதுவும் சோறுதான். இரண்டாம் வாரத்தில் நண்பகல் டப்பாவை எடைபோட்டபோது வரகுச் சோறு 310 கிராமும் பருப்பு 90 கிராமும் இருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நாடு தழுவி நடத்திய ஆய்வு, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று கண்டது. அதே ஆய்வின் 2023ஆம் ஆண்டுக் கட்டுரை நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அலுவலகத்தில் கோழியா கீரையா என்று இரண்டு கட்சிகளும் மோதிக்கொண்டிருக்க, என் சர்க்கரையைத் தீர்மானித்தது தட்டின் நடுவே இருந்த சோற்றுக் குவியலின் உயரம்தான் என்று இந்த எண்களைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுகிறது. நான் எழுதிக் கேட்ட பின் இச்சமையற்கூடத்தார் சோற்றைப் பாதியாக்கிக் கொண்டைக்கடலையைக் கூட்டித் தந்தார்கள். கேட்டதும் மாற்றிக்கொண்ட அந்தப் பண்பை மனமாரப் பாராட்டுகிறேன்.

இவர்களுடைய கையேட்டைப் பாராட்ட முடியவில்லை. இறைச்சி சிகரெட்டுக்குச் சமம் என்று அதில் இருந்தது. மேலே சொன்ன 2015ஆம் ஆண்டு வகைப்பாடு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் குறிப்பது. தீங்கு எவ்வளவு பெரிது என்பதை அது அளப்பதில்லை. பதப்படுத்தாத ஆட்டிறைச்சி முதல் பிரிவில் இடம்பெறவும் இல்லை, ‘அநேகமாக’ என்ற அடுத்த பிரிவில்தான் இருக்கிறது. கோழியும் மீனும் அந்தப் பேச்சிலேயே வரவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 22 இணை ஒத்த இரட்டையர்களை வைத்து எட்டு வாரம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வும் கையேட்டில் பெரிய எழுத்தில் இருந்தது. வீகன் உணவு உண்டவர்களுக்கு எல்டிஎல் நன்றாகவே குறைந்தது, அது மெய். ஆனால் அவர்கள் குறைவான கலோரி உண்டு எடையும் இழந்தார்கள் என்பதையும், எதிர்த்தரப்பில் இருந்த இரட்டையர்கள் உண்டது காய்கறியும் முழுத்தானியமும் சேர்ந்த நல்ல அசைவ உணவு என்பதையும் கையேடு விட்டுவிட்டது. முதல் நான்கு வாரம் அந்த ஆய்விலும் சாப்பாட்டை டப்பாவில்தான் அனுப்பினார்கள் என்பது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

மிகவும் கவலை தந்தது பி12 பற்றிய பதில். விலங்குவழி உணவு ஒன்றுமே இல்லாதபோது வைட்டமின் பி12க்கு என்ன வழி என்று கேட்டதற்கு, இட்லி மாவு புளிக்கும்போது அது தானாக உண்டாகிவிடும் என்று எழுதினார்கள். அதை நம்பி ஆண்டுக்கணக்கில் இருந்துவிட முடியாது. நம்பத்தக்க அளவில் பி12 கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தும், அது செறிவூட்டப்பட்ட உணவுகளிலிருந்தும், மாத்திரையிலிருந்தும்தான். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பதால் பற்றாக்குறை மெதுவாகவே தெரியும். கால் மரத்துப் போவதை முதுமை என்று நினைத்துக்கொண்டிருப்போம். எலும்பைப் பற்றியும் கேட்டேன். பிரிட்டனின் எபிக் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் வீகன்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்று 2020இல் வெளியானது. இந்த ஒன்றில் அவர்கள் நன்றாகவே பதில் சொன்னார்கள்: வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு வைக்கிறோம் என்றார்கள், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது உண்மைதான்.

புதன்கிழமைதோறும் ‘தாவரக் கோழி’ என்ற ஒன்று வந்தது. பன்னுக்குள் ரப்பர் போல இருந்த அதன் மூலப்பொருட்கள் எவை என்று கேட்டு இன்றுவரை பதில் இல்லை. உப்பு மட்டும் நாவுக்கு நன்றாகத் தெரிந்தது. கோழியை வேண்டாம் என்பவர்களுக்குக் கோழி வேடம் போட்ட பண்டம் எதற்கு என்று என் தாயார் கேட்டார். அவரே அதை எடுத்துக் குழம்பில் போட்டுப் பார்த்தார். அப்போதும் அது கரையவில்லை.

இப்போது கீரை டப்பாவில் நண்பகல் வேளைக்கு மட்டும், சோறு பாதி, சுண்டல் இரட்டிப்பு என்ற ஏற்பாட்டில், வாரம் நான்கு நாள் வாங்குகிறேன்; அதற்கு 130 ரூபாய். காலையில் வீட்டில் முட்டை, இரவில் தயிர், ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் வாங்கும் மத்தியோ சங்கராவோ. சேர நினைப்பவர்கள் எந்த டப்பாவாக இருந்தாலும் முதல் நாளுக்கு முன்பே கொழுப்பு, சர்க்கரை, கிரியாட்டினின், பி12 ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பதே நாளில் எச்பிஏ1சி குறைத்துக் காட்டுவதாக இரண்டு கூடங்களும் சொல்கின்றன. அந்த இரத்தப் பரிசோதனை சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், ஒரு மாதக் கணக்கை வைத்து ஓராண்டுச் சந்தாவுக்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.