வீட்டுக்கு நர்ஸ் வைக்கிறீர்களா? முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்கு 74 வயது, நெடுநாள் சர்க்கரைக்காரர். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆனது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சியில் ஒரு மாதத்துக்கு 27,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். "டிரெயின்டு நர்ஸ் சார், ஐசியூவுல இருந்தவங்க" என்றார்கள் போனில். வந்த பெண் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். சான்றிதழ் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் நாள். முந்தின ராத்திரி முழுக்க அம்மாவுக்குக் குமட்டல். காலையில் அந்தப் பெண் வழக்கமான 16 யூனிட் இன்சுலினைப் போட்டுவிட்டார். அப்புறம் அம்மா அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டார். அந்தப் பெண் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று நான் லீவில் இருந்தது எங்கள் நல்ல காலம். பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தால் அம்மாவின் நைட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நாக்கு குழறி, என்னை மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "டயர்டா இருக்காங்க, தூங்கட்டும் சார்" என்றார் அந்தப் பெண். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன்: 41. இன்சுலின் போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இப்படி இறங்கிவிடும். எழுபதுக்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். விழுங்க முடிந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன் (நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்). கால் மணி நேரம் கழித்து 63. மறுபடி கொடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிட்டேன்.

அம்மா தேறிவிட்டார். சாயங்காலம் நோட்டைத் திறந்தேன். தினமும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 128, 132, 130, பிரஷர் 130/80. குளுக்கோமீட்டர் பழைய அளவுகளை நேரத்தோடு சேமித்து வைக்கும். அதில் நான் குத்தியவற்றை விட்டால், கடைசியாகப் பதிந்திருந்தது மூன்றாம் நாள் காலையில். பிரஷர் மெஷினில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த நோட்டுதான். தெரியாமல் செய்த தப்பு ஒரு ரகம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது வேறு ரகம். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தானே டோஸ் சொல்வார்?

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். சிரிஞ்சை எடுக்குமுன் சர்க்கரையைப் பார்ப்பார், "குமட்டல் இருக்கா? சாப்பிட்டுடுவீங்களா?" என்று கேட்பார். ஒருநாள் அம்மா முகம் சுளித்ததும் சிரிஞ்சை ட்ரேயில் திரும்ப வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது, சீட்டில் எழுதியிருப்பதைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று.

அந்தப் பெண்ணைக் கேட்டபோது அழுதுவிட்டார். பிளஸ் டூ படித்தவர். ஏஜென்சி கொடுத்தது பதினைந்து நாள் வகுப்பு. ரசீதை அப்போதுதான் சரியாகப் படித்தேன்: "பேஷன்ட் கேர் அட்டெண்டன்ட்." குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர் நன்றாகவே செய்தார். இன்சுலினை அவர் கையில் கொடுத்தது ஏஜென்சியின் குற்றம், பாதி என் குற்றம்.

ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ 3 வருஷம், பிஎஸ்சி நர்சிங் 4 வருஷம். முடித்தவர்கள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வாரம் ஒருமுறை நோட்டையும் மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவு செய்த நர்ஸ் தப்பு செய்தால் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பதிவே இல்லாதவர் பெயரை எந்தப் பதிவேட்டிலிருந்து நீக்கும்? அதனால் நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

பணம் இன்னும் வரவில்லை. நேற்று ஏஜென்சியிலிருந்து வாட்ஸ்அப்: "வேற நல்ல நர்ஸ் அனுப்புறோம் சார்." அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.