நாகமா, கார்ன் ஸ்னேக்கா? புளோரிடாவில் பாம்பு வளர்க்க நினைப்பவர்களுக்கு

அனுமதி: கார்ன் ஸ்னேக் விஷமில்லாத பாம்பு, அதற்கு விஷப்பாம்பு உரிமம் தேவையில்லை. நாகத்துக்குக் கட்டாயம், விண்ணப்பிக்கவே 1,000 மணி நேர அனுபவத்தைக் காட்ட வேண்டும்.

கடி: கார்ன் ஸ்னேக் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாகம் கடித்தால் மூச்சுத் தசைகளே செயலிழக்கலாம். அதற்கான விஷமுறிவு மருந்து அங்குள்ள சாதாரண மருத்துவமனைகளில் பொதுவாக இருக்காது. உயிரியல் பூங்காவிடமோ, மயாமி-டேட் தீயணைப்புத் துறையின் விஷமுறிவுப் பிரிவிடமோ கேட்டு வாங்க வேண்டும். நாகம் வேண்டாம் என்று சொல்ல இந்த ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

தினசரி வேலை: ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே கூண்டைத் துடைக்கலாம். மற்றதற்குக் கொக்கி, பூட்டிய பெட்டி, பூட்டிய அறை, அப்புறம் கூப்பிட்டால் ஓடிவர இன்னொரு ஆள்.

முதல் பாம்பு என்றாலோ, வீட்டில் குழந்தைகள் இருந்தாலோ கார்ன் ஸ்னேக்தான். நாகம், தேர்ந்தவரிடம் பயின்று மருந்துக்கும் வழி செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்.