வீட்டு வாசலுக்கே வந்த வண்டி, திரும்பி வராத ரூ. 1,85,000

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்று சாயங்காலம்தான் கடைசிப் பதில் வந்தது. பணம் வராதாம். ரூ. 1,85,000. பழைய கார் வாங்கக் கொடுத்த முன்பணம். இப்போது வண்டியும் இல்லை, பணமும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் யாராவது இந்த வாரம் மூன்று வரிசை வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழியாகட்டும். போனில் ஒரு ஆப்பும் வைத்துக்கொண்டு, மதுரையில் பெரிய யார்டும் வைத்துக்கொண்டு பழைய கார் விற்கிறவர்கள், அவ்வளவுதான்.

மகளுக்கு ஆறு வயது. போன வருடம் இரட்டைப் பையன்கள் பிறந்தார்கள். மாமனார், மாமியார் எங்களோடு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் சிங்கப்பூரில், அதனால் வண்டி ஓட்டுவது நான்தான். இருந்த சின்னக் காரில் இத்தனை பேரையும் ஏற்ற வழியில்லை. பிள்ளையார்பட்டி காரைக்குடியிலிருந்து 12 கிலோமீட்டர்தான், அதற்கே காருக்குப் பின்னால் ஒரு ஆட்டோவும் பிடித்துக்கொண்டு போனோம். மாசியில் பையன்களுக்குக் குலதெய்வம் கோயிலில் முடியிறக்க வேண்டும், அதற்குள் வண்டி வந்துவிட வேண்டும் என்று கணக்கு.

முதலில் கிரெட்டா, செல்டாஸ், கிராண்ட் விட்டாரா, எலிவேட் என்றுதான் பார்த்தோம். எல்லாமே ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம், எங்கள் தெருவில் சுலபமாகத் திரும்பும். ஆனால் ஐந்து சீட்டு. குழந்தை சீட்டு இரண்டை ஐசோஃபிக்ஸ் கொக்கியில் பின்சீட்டின் இரண்டு ஓரத்திலும் மாட்டிப் பார்த்தேன். நடுவில் மிஞ்சிய இடத்தில் என் மகளே ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தாள். அப்புறம் அல்கசார், கேரன்ஸ், சஃபாரி, ஹெக்டர் பிளஸ் என்று மூன்று வரிசைப் பக்கம் போனோம். அதிலும் ஒன்று இருக்கிறது: நடு வரிசை பெஞ்சு சீட்டாக இருந்து அதில் இரண்டு ஓரத்திலும் குழந்தை சீட்டு மாட்டிவிட்டால் அதை மடக்க முடியாது, மடக்காமல் மூன்றாவது வரிசைக்கு யாரும் போக முடியாது. இரட்டைப் பிள்ளை உள்ளவர்களுக்கு நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட்டு, இடையில் நடந்து போக வழி உள்ள ஆறு சீட்டு வண்டிதான் சரி. கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது இதைக் கண்டுபிடிக்க.

புதிது வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஆப்பில் 2021 மாடல், டீசல், ஆறு சீட்டு, 48,000 கிலோமீட்டர் ஓடியது, ரூ. 11,90,000 என்று ஒன்று வந்தது. எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை, வண்டியைச் செய்தவர்கள் மேல் குற்றமில்லை. மற்ற இடங்களைவிட ஒன்றரை லட்சம் குறைவு. ஏன் குறைவு என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "செப்டம்பர் 22-லேர்ந்து பெரிய வண்டிக்கு வரி 50 சதவீதத்துலேர்ந்து 40 ஆயிடுச்சுல்ல ஆச்சி, புதுசு இறங்கினதால பழசும் இறங்கிடுச்சு" என்றான் அந்தக் கம்பெனியின் விற்பனை ஆள். வரி குறைந்தது உண்மைதான். உண்மையான ஒரு சங்கதியை முன்னால் வைத்துப் பேசும்போது நம்பத்தான் தோன்றுகிறது.

ஜனவரி 2-ஆம் தேதி டோக்கன் என்று ரூ. 25,000 போனில் அனுப்பினேன். 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தான். அந்தக் காலை நேரத்தைத்தான் இன்னும் நினைத்து நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து முகப்பில் உட்கார்ந்தான். தானும் தேவகோட்டைப் பக்கம்தான் என்றான். நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பதையும் வரிசையாகச் சொன்னான். மாமனாருக்கு இடுப்பு வலி, முன்சீட்டில் ஏற உயரமாக இருந்தது. அவன் குனிந்து அவர் காலைத் தன் கையில் தாங்கி ஏற்றிவிட்டு, "ஐயா, சீட்டு உங்க உயரத்துக்குச் சரியா இருக்கா?" என்று கேட்டான். மாமியார் உள்ளே போய் அவனுக்குப் பணியாரம் கொண்டுவந்து வைத்தார்கள். மெக்கானிக்கை ஒரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும் என்றேன். "பார்க்கட்டும் ஆச்சி, தாராளமா. ஆனா 150 இடம் செக் பண்ணின ரிப்போர்ட் எங்ககிட்டயே இருக்கு. பொங்கலுக்குள்ள இன்னொரு பார்ட்டி எடுத்துடுவாங்க. பாக்கி அட்வான்ஸைப் போட்டு வண்டியை நிறுத்திடுங்க, பிடிக்கலேன்னா ஏழு நாளுக்குள்ள முழுசா வந்துடும்" என்றான். முழுசா என்ற சொல்லை அவன் இரண்டு தடவை சொன்னான். மாமியாரும் கேட்டார்கள்.

மறுநாள் இரண்டு வளையலை அடகு வைத்து, பாங்கில் ரூ. 1,60,000 போட்டேன். மொத்தம் ரூ. 1,85,000.

19-ஆம் தேதி லோனுக்காக இன்சூரன்ஸ் நகல் அனுப்பினார்கள். என் அண்ணன் இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறவர், அதைப் பார்த்த உடனே போன் செய்தார். 2021-இல் வாங்கிய வண்டி, ஒரே ஓனர், ஒரு கிளெய்மும் இல்லை என்றால் 2025-இல் நோ கிளெய்ம் போனஸ் (இன்சூரன்ஸில் பணம் கேட்காத வருடங்களுக்கு ஏறிக்கொண்டே போகும் தள்ளுபடி) 45 சதவீதம் இருக்க வேண்டும், இதில் 20தான் இருக்கிறது என்றார். அதாவது நடுவில் ஒரு கிளெய்ம் நடந்து, கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. வண்டி சென்னை ரிஜிஸ்ட்ரேஷன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

21-ஆம் தேதி செக்காலை ரோட்டு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மதுரை யார்டுக்குப் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. மூன்றாவது வரிசையில் ஏறி, சீட் பெல்ட்டை இழுத்தார். கடைசி வரை, இனி வராது என்கிற வரை இழுத்தார். மேலே பளிச்சென்று கறுப்பாக இருந்த பெல்ட்டின் கடைசி ஒரு முழம் தவிட்டு நிறத்தில் விறைப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினார், காய்ந்த வண்டல் பொடிப்பொடியாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு எடுத்தார், விரலெல்லாம் துரு. "ஆச்சி, இதுல குழந்தைகளை ஏத்தாதீங்க. ஏர்பேக் வயரெல்லாம் சீட்டுக்கு அடியிலதான் போகுது" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

யார்டு மேனேஜர் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, யாரோ டீ கொட்டியிருப்பார்கள் என்றார். டீ. மூன்றாவது வரிசையின் இரண்டு பெல்ட்டிலும், ஒரே உயரத்தில்.

அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏழு நாள் என்று சொன்னது 18-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதாம். பொங்கல் லீவில் நான்கு நாள் யார்டே மூடியிருந்தது, அதையும் எண்ணிவிட்டார்கள். ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில், முன்பணம் திருப்பித் தரப்படாது என்று அச்சடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவன் பேனாவால் காட்டிக் கையெழுத்து வாங்கியது முன்பக்கத்தில். போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வேறு யாரோ எடுத்து, அவர் இப்போது வேலையில் இல்லை என்றார்கள். மதுரையில் கேட்டால் சென்னை ரிஃபண்ட் டீம் என்றார்கள், சென்னையில் கேட்டால் பிராஞ்சில் ஒப்புதல் வரவில்லை என்றார்கள். ஆப்பில் போட்ட புகாரை மூன்று தடவை 'தீர்க்கப்பட்டது' என்று அவர்களாகவே மூடினார்கள். ஒருத்தர், "மேடம், உங்க சாரைப் பேசச் சொல்லுங்க" என்றார். பணம் கட்டியது நான், ரசீது என் பெயரில், வண்டி ஓட்டப் போவது நான். வளையல் என்னுடையது. பணம் வாங்குகிற வரைக்கும் ஆச்சி, கேட்கப் போனால் மேடம், அதற்கும் மேல் போனால் சாரைக் கூப்பிடு.

நேற்று வந்த பதில் இதுதான்: வேறு வண்டி எடுத்தால் ரூ. 1,85,000-ஐயும் அதில் கழித்துக்கொள்வார்களாம், பணமாகத் தர மாட்டார்களாம். அவர்களிடம் இன்னொரு வண்டி. என் பிள்ளைகளை ஏற்ற.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாகிவிட்டது. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன், எவ்வளவு நாள் ஆனாலும் சரி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பையன்கள் எழுந்துவிட்டார்கள். அவசரமாகச் சொல்கிறேன். எல்லா சீட் பெல்ட்டையும், முக்கியமாகப் பின்வரிசையில், கடைசி வரை இழுத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் நகலை முன்பணத்துக்கு முன்னால் கேளுங்கள், பிறகு அல்ல. அதில் போனஸ் சதவீதம் வண்டியின் வயதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். உங்கள் மெக்கானிக் பார்க்காமல் ஒரு ரூபாய் போடாதீர்கள், இன்னொரு பார்ட்டி எடுத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். வாயால் சொன்னதை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இன்று காலை ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே வண்டி, எங்கள் வீட்டு முகப்புக்கு முன்னால் எடுத்த அதே படத்தோடு இருக்கிறது. வாசல் கோலம்கூடத் தெரிகிறது. கீழே 'வெள்ளத்தில் சிக்காதது, சோதிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து. விலையை ரூ. 11,60,000 ஆக்கியிருக்கிறார்கள். சாம்பல் நிறம், 2021, ஆறு சீட்டு. யாராவது அதைப் பார்த்து வைத்திருந்தால் போகாதீர்கள்.