ஈரோட்டில் 'டிஃப்ராக் சர்வீஸ்': காசும் போச்சு, டிசைனும் போச்சு

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஈரோட்டில் ஒரு சர்வீஸ் கடையில் எங்கள் அப்பாவிடம் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு 'டிஃப்ராக்' (டிஸ்க்கில் சிதறிய ஃபைல் துண்டுகளைச் சேர்ப்பது) என்று செய்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் கடைக்காரர் பேசிய பேச்சு எந்தக் கடையிலும் உங்கள் காதில் விழலாம்.

எங்களுக்குச் சென்னிமலையில் போர்வைத் தறி. ஆபீஸில் கிடப்பது பழைய டெஸ்க்டாப். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ராம். வாங்கும்போது விண்டோஸ் 7, அப்புறம் அதன் மேலேயே 10 ஏற்றியது. சி டிரைவுக்கு 100 ஜிபிதான் பிரித்திருந்தார்கள். அது நிறைந்து சிவப்புக் கோடு காட்ட ஆரம்பித்தது. கணக்கு எழுதும் டேலியைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அந்த நிலைமை. நான் கோவையில் வேலையில் இருக்கிறேன். அப்பாவே வண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார்.

"டிஸ்க்கு துண்டு துண்டா கெடக்குதுங்ணா. அதுபோக மைக்ரோசாஃப்ட்காரன் 7 ஜிபியைப் பூட்டி வெச்சிருக்கான். டிஃப்ராக் போட்டு அந்த ரிசர்வ்டு ஸ்பேஸையும் எடுத்துக் குடுத்தர்றனுங்க" என்றாராம் கடைக்காரர். 500 ஜிபி டிஸ்க்கில் 465தான் காட்டுகிறது, மீதி 35 செத்துப்போச்சு என்று வேறு பயமுறுத்தியிருக்கிறார். டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடும், விண்டோஸ் 1024ஆல் போடும், அதனால் எந்தப் புது 500 ஜிபி டிஸ்க்கும் 465 என்றுதான் காட்டும். இது தெரியாமல் ஒருவர் சர்வீஸ் கடை வைத்திருக்க முடியாது.

கையில் கொடுத்தது பில் இல்லை, துண்டுச் சீட்டு. டிஃப்ராக் 900, ரிசர்வ்டு ஸ்பேஸ் ரெகவரி 1,200, சர்வீஸ் 700.

மெஷின் வீட்டுக்கு வந்தபோது சி டிரைவில் 20 ஜிபிக்கு மேல் காலி. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் கரூர் பார்ட்டி பழைய டிசைன் ஒன்றைக் கேட்கவும் டவுன்லோட்ஸைத் திறந்திருக்கிறார். சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை. வாட்ஸ்அப் வெப்பில் இறங்குவதெல்லாம் அங்கேதான் விழும்: ஜக்கார்டு டிசைன் படங்கள், சாயப்பட்டறைக்காரர் அனுப்பிய கலர் ஷேடுகள், எல்லாம். டேலி டேட்டா டி டிரைவில் இருந்ததால் கணக்கு மட்டும் தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ரன்னில் 'வின்வர்' என்று அடித்தேன். விண்டோஸ் 10இன் பதிப்பு 1809 என்று காட்டியது. ரிசர்வ்டு ஸ்டோரேஜ் என்பதே 2019இல் வந்த 1903 பதிப்பில்தான் அறிமுகமானது. அப்டேட் இறங்கும்போது இடம் இல்லாமல் சிக்கக் கூடாது என்று விண்டோஸ் சுமார் 7 ஜிபியை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு அது. அதுவும் 1903உடன் வந்த மெஷினிலோ, அதைப் புதிதாக இன்ஸ்டால் செய்த மெஷினிலோதான் தானாக வரும். எங்கள் மெஷினில் பூட்டே இல்லை. திறந்ததற்கு மட்டும் 1,200.

அப்படியானால் 20 ஜிபி எங்கிருந்து வந்தது? டிஃப்ராக் இடத்தைக் கொடுக்காது. ஒரே ஃபைல் டிஸ்க்கில் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தால் அதை ஒன்று சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். பார்த்தால் சிஸ்டம் ரீஸ்டோர் (கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) ஆஃப் ஆகிக் கிடக்கிறது. பழைய ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றுகூட இல்லை. மெஷினைத் தூங்கவைக்கும்போது ராமில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்நேட் ஃபைலும் போயிருந்தது. டவுன்லோட்ஸ் போனது டிஸ்க் கிளீனப்பில் என்றுதான் நினைக்கிறேன்; பட்டியலில் டிக் போட்டதையெல்லாம் அழிக்கும் விண்டோஸ் கருவி அது. இந்த 1809 பதிப்பில்தான் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸையும் சேர்த்தார்கள், பின்னால் எடுத்துவிட்டார்கள். படிக்காமல் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு ஓகே கொடுத்தால் மொத்தமும் காலி.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஃபைலை அழித்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் அதன் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. 'இந்த இடம் காலி' என்று குறிப்பு மட்டும்தான் மாறும். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்டுவிடலாம். இவர்கள் அழித்த கையோடு டிஃப்ராக் ஓட்டியிருக்கிறார்கள். அது வேறு ஃபைல்களைத் தூக்கித் தூக்கி அந்தக் காலி இடங்களில் வைத்துவிடும். மெஷினில் நடந்ததை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக்கில் 258ஆம் எண் பதிவு இருந்தது; சி டிரைவில் டிஃப்ராக் முடிந்தது என்று, மெஷின் கடையில் இருந்த நாளின் சாயந்திர நேரத்தோடு. அழித்த ஃபைலை மீட்கும் ரெக்குவா மென்பொருளை ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். டிசைன் பெயர்கள் வரிசையாக வந்தன, ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் மீட்க முடியாது என்ற சிவப்புப் புள்ளி. மீட்ட ஒரு படத்தை நோட்பேடில் திறந்தால் உள்ளே விண்டோஸின் ஏதோ லாக் எழுத்துகள்.

இன்னொன்று. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டதும் டிஸ்க்கின் நிலை மஞ்சளில் 'எச்சரிக்கை' என்று வந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) இருந்தன. மெஷின் மெதுவானதற்கு இதுதான் பெரிய காரணம். சாகக் கிடக்கிற டிஸ்க்கை முதலில் காப்பி எடுக்க வேண்டும். அதன் மேல் மணிக்கணக்கில் டிஃப்ராக் ஓட்டுவதை எந்த மெக்கானிக் செய்வான்?

உங்கள் மெஷினைக் கொடுக்கும்முன் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூன்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் முதலில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். எதை அழிக்கப்போகிறார் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போட்ட மெஷினுக்கு டிஃப்ராக் என்று காசு கேட்டால் பேச்சே வேண்டாம், அதற்கு அது தேவையே இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "டிஃப்ராக்ல ஃபைல் அழியாதுங்ணா, உங்க மெஷின்ல வைரஸ் இருந்துருக்கும்" என்றார். முதல் பாதி உண்மைதான்; அழித்தது டிஃப்ராக் இல்லை, அதற்கு முன்னால் டிக் போட்ட கை. லாக்கைக் காட்டியதும் 700 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறோம். துண்டுச் சீட்டையும் லாக்கின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், சர்வீஸுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது. பதில் சரியாக வராவிட்டால் அங்கேதான் போகப்போகிறோம்.